மூன்று வாட்டர் கேன் தாங்குமா? சொந்தமாகக் கட்டும் சிறு விமானத்தில் பேட்டரி பொருத்துவது

இரண்டு பேர் உட்காரும் சிறு விமானத்தில் எஞ்சினையும் ஆட்களையும் பெட்ரோலையும் கழித்துவிட்டால், ஒரே இடத்தில் குவிந்திருக்கும் பெரிய கனம் பேட்டரிதான். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒடிசி பிசி680 என்ற ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி நார் விரிப்பில் ஊறி, சிந்தாமல் இருக்கும்) ஈய-அமில பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 16 ஆம்பியர்-மணி, எடை ஏறக்குறைய 7 கிலோ. நீளம் 18.5 செ.மீ., அகலம் 8 செ.மீ., உயரம் 19 செ.மீ.

இந்த 7 கிலோவுக்கு இரண்டு குணங்கள் உண்டு. விமானம் கட்டி முடிந்த பிறகும் ஓரளவு இடம் மாற்றி வைக்கக்கூடிய கனம் இது. விமானம் எதிலாவது மோதி நின்றால், நிற்காமல் முன்னே பாயப் பார்க்கும் கனமும் இதுவே. அதனால் பேட்டரி பொருத்துவது முதலில் கட்டமைப்பு வேலை, அப்புறம்தான் எலக்ட்ரிகல் வேலை. எங்கே வைப்பது என்பதைத் தராசு சொல்ல வேண்டும். எவ்வளவு பலமாக வைப்பது என்பதை மோதல் சொல்ல வேண்டும். கேபிள் எத்தனை தடிமன் என்ற கேள்வி அதற்குப் பின்னால் வரட்டும். பிற்பாடு வருகிற தொல்லைகளில் பாதி, இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதால் வருபவை.

இடம்: தராசு சொல்லட்டும்

ஈர்ப்பு மையம் அனுமதித்த எல்லைக்குப் பின்னால் போய்விட்ட விமானம், மூக்கைத் தூக்கிக்கொண்டு வேகம் இழந்தால் மீட்க முடியாமல் போகலாம். முன்பக்கம் அதிகக் கனமாக இருந்தால் தரையிறங்கும்போது மூக்கைத் தூக்கச் சிரமம், வாலில் அதற்காக உள்ள எலிவேட்டர் தகடு போதாது. இரண்டும் தவறு, ஆனால் முதலாவது ஆளைக் கொல்லும் தவறு. பேட்டரி இந்தக் கணக்கில் எவ்வளவு நகர்த்தும் என்று பார்ப்போம்.

முழுச் சுமையோடு 600 கிலோ உள்ள விமானத்தில், ஃபயர்வாலில் (எஞ்சினையும் ஆட்கள் அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) இருக்கும் 7 கிலோ பேட்டரியை எடுத்து 1.8 மீட்டர் பின்னால், இருக்கைக்குப் பின்புறம் வைக்கிறீர்கள். 7-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 12.6. அதை 600-ஆல் வகுத்தால் 0.021 மீட்டர். அதாவது விமானத்தின் ஈர்ப்பு மையம் 21 மி.மீ. பின்னால் போகிறது. அனுமதித்த எல்லை மொத்தம் 200 மி.மீ. என்றால், அதில் பத்தில் ஒரு பங்கை ஒரே பேட்டரி தின்றுவிட்டது. பைலட் மட்டும் ஏறி, பெட்ரோல் பாதி இருக்கும்போது மொத்த எடை குறைவு என்பதால் இதே இடமாற்றம் இன்னும் அதிகமாகத் தெரியும். ஒரே ஒரு சுமை நிலைக்கு மட்டும் கணக்குப் போட்டு நிம்மதி அடையக் கூடாது. பெட்ரோல் தீரத் தீர மையம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் டேங்க் இருக்கும் இடத்தைப் பொறுத்தது.

வடிவமைப்பாளர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. லாங்-ஈஇசட் விமானத்தில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, ஆகவே பேட்டரி மூக்கில் உட்கார்ந்து அதைச் சமன் செய்கிறது. ஆர்வி-10இல் முன்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஆகவே பேட்டரி சாமான் அறைக்கும் பின்னால் போகிறது. இரண்டிலும் பேட்டரி தன் வேலையோடு சேர்த்து எடைக்கல் வேலையையும் செய்கிறது. தனியாக ஈயம் கட்டித் தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனவே செய்ய வேண்டியது இது: உடற்கூடு கட்டும்போதே இரண்டு இடங்களில் பேட்டரிக்கான அடிப்படை வலுவூட்டலைச் செய்து வையுங்கள். ஒன்று ஃபயர்வால் பக்கம், ஒன்று பின்னால். எஞ்சின், ப்ரொப்பெல்லர், இருக்கை எல்லாம் ஏறிய பிறகு, மூன்று சக்கரத்துக்கும் மூன்று தராசு வைத்து நிறுத்துங்கள். விமானம் பறக்கும் நிலையில் மட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்கள் பொய் சொல்லும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஷெட் கதவைச் சாத்துங்கள். இறக்கையில் படும் காற்றே தராசு முள்ளை ஆட்டும். பிறகு பேட்டரியின் இடத்தை முடிவு செய்யுங்கள். பயன்படாமல் போகும் வலுவூட்டலின் எடை கால் கிலோவுக்குள் அடங்கும். முடித்த உடற்கூட்டைப் பிரித்து வலுவூட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒரு விஷயமே இல்லை.

பேட்டரி உட்காரும் தட்டு: எத்தனை மடங்கு எடைக்கு?

பறக்கும்போது வரும் சுமையும் மோதலில் வரும் சுமையும் வேறு வேறு. சாதாரண வகைச் சிறு விமானத்தின் கட்டமைப்பு, பறக்கும்போது கீழ்நோக்கி 3.8 மடங்கு எடையைத் தாங்க வேண்டும். அதன் மேல் 1.5 பாதுகாப்புப் பெருக்கம் போட்டால் 5.7 மடங்கு. அவசரத் தரையிறக்கத்துக்கு ஐரோப்பாவின் மிகச்சிறு விமான விதித்தொகுப்பு வைத்திருக்கும் எண்கள்: முன்னோக்கி 9 மடங்கு, மேல்நோக்கி 3 மடங்கு, பக்கவாட்டில் 1.5 மடங்கு. 2017 வரை இருந்த அமெரிக்க விதிகளில் ஆட்கள் இருக்கும் அறைக்குள் உள்ள கனமான பொருள்களுக்கு முன்னோக்கி 18 மடங்கு என்று இன்னும் கடுமையான எண் இருந்தது. தலைக்குப் பின்னால் 7 கிலோவை வைக்கும் எவரும் அந்த 18-ஐ எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

7 கிலோ பேட்டரிக்கு இவை என்ன ஆகின்றன? கீழ்நோக்கி 40 கிலோ. முன்னோக்கி 9 மடங்குக்கு 63 கிலோ, ஆட்கள் அறைக்குள் 18 மடங்கு என்றால் 126 கிலோ. மேல்நோக்கி 21 கிலோ. பக்கவாட்டில் பத்தரை கிலோ.

இதைச் சோதிக்கச் சென்னையில் எந்த ஆய்வகமும் வேண்டாம். வீட்டு வாசலில் இறங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். மேல்நோக்கி ஒரு கேன், கீழ்நோக்கி இரண்டு கேன், முன்னோக்கி மூன்று கேன் (18 மடங்கு என்றால் ஆறு), பக்கவாட்டில் அரை கேன். கேனின் சொந்த எடையும் சேர்ந்து கணக்கு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். தராசில் வைத்துப் பார்த்து, குறைந்தால் ஒரு லிட்டர் பாட்டிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேனின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடாதீர்கள், நழுவும். சாக்குப் பையில் போட்டு அதன் வாயைச் சேர்த்துக் கட்டுங்கள்.

சோதனைக்கு நிஜ பேட்டரியை வைக்க வேண்டாம். அதே அளவில் ஒரு மரக்கட்டை செய்து, நடு உயரத்தில் துளை போட்டு வளையப் போல்ட் ஒன்றைச் செருகுங்கள். பேட்டரியின் எடைமையம் அங்கேதான் இருக்கிறது. தட்டின் மட்டத்தில் இழுத்தால் கவிழ்க்கும் விசை சோதனைக்கு வராமலே போய்விடும். தட்டும் அது போல்ட் ஆகும் சட்டமும் தனியே கழற்றக்கூடியவை என்றால், முன்பக்கம் கீழே பார்க்கும்படி அதைப் பிடித்து நிறுத்தித் தொங்கவிடலாம். விமானத்திலேயே இருக்கிறது என்றால், கயிற்றை ஒரு கப்பியின் மேல் போட்டு இழுக்க வேண்டியதுதான். முதலில் கீழ்நோக்கி 27 கிலோ மட்டும் ஏற்றி இறக்குங்கள். இது 3.8 மடங்கு. இறக்கிய பிறகு தட்டு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும், நிரந்தர வளைவு அரை மி.மீ.கூட இருக்கக் கூடாது. பிறகு முழு 40 கிலோ. அதில் லேசாக வளையலாம். ஆனால் குறைந்தது மூன்று விநாடி உடையாமல் நிற்க வேண்டும். கேனுக்குக் கீழே கால் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இந்தச் சோதனையில் எது தோற்கும்? போல்ட் இல்லை. 4.8 மி.மீ. விட்டமுள்ள ஏஎன்3 விமானப் போல்ட் ஒன்று வெட்டுவிசையில் 950 கிலோவுக்கு மேல் தாங்கும், இழுவிசையில் ஏறக்குறைய 1000 கிலோ. நான்கு போல்ட் போட்டால் தேவையைப் போல் பல மடங்கு. தோற்பது தகடு. மெல்லிய தகட்டில் போல்ட் தலை துளையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், அல்லது தட்டின் விளிம்பு மடங்கிப் பேட்டரி வெளியே உருளும். கணக்கும் அதையே காட்டும். முன்னோக்கி 63 கிலோ, தட்டிலிருந்து 9.5 செ.மீ. உயரத்தில் இழுக்கிறது, கவிழ்க்கும் விசை ஏறக்குறைய 600 கிலோ-செ.மீ. பேட்டரியின் குறுகிய பக்கம் முன்பின்னாக இருந்து, முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் 8 செ.மீ. இடைவெளி என்றால், பின் போல்ட் இரண்டும் சேர்ந்து 75 கிலோவை மேல்நோக்கித் தாங்க வேண்டும். பேட்டரியைத் திருப்பி நீளப் பக்கத்தை முன்பின்னாக வைத்து, இடைவெளியை 18 செ.மீ. ஆக்கினால் அதே விசை 33 கிலோவாகக் குறைகிறது. ஒரு கிராம் எடைகூடச் சேர்க்காமல் கிடைக்கும் பலம் இது. இடம் இருந்தால் பேட்டரியை நீளவாக்கில் வையுங்கள். போல்ட் தலைக்கும் நட்டுக்கும் அடியில் அகல வாஷர் போடுங்கள்.

தட்டுக்கு 1.6 மி.மீ. அலுமினியத் தகடு போதும், நான்கு பக்கமும் 25 மி.மீ. உயர விளிம்போடு. உலோகக் கலவை 6061-டி6 அல்லது 2024-டி3. இங்கே அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ கிண்டியிலோ தகடு மடக்கிக் கொடுக்கும் பட்டறைகளில் கத்தி மாதிரிக் கூர்மையான அச்சில்தான் வழக்கமாக மடக்குவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வருவது இரும்புப் பெட்டி வேலை. 2024-டி3 தகட்டை அந்த அச்சில் மடக்கினால் வெளிவளைவில் மயிரிழை விரிசல் விழும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. நூறு மணி நேர அதிர்வுக்குப் பிறகு தெரியும். 1.6 மி.மீ. தகட்டுக்கு உள்வளைவு ஆரம் 2024 என்றால் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 6061 என்றால் 4 மி.மீ. அளவிலாவது வேண்டும். பட்டறைக்காரரிடம் வாயால் சொல்வதைவிட, அந்த ஆரத்தில் உருட்டிய கட்டை ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. மடக்குக் கோட்டைக் கீறு ஊசியால் போடாதீர்கள், அந்தக் கீறல்தான் பின்னாளில் விரிசலுக்குத் தொடக்கம். பென்சிலும் வேண்டாம், கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். மெல்லிய முனை மார்க்கர் போதும். இரண்டு மடக்குகள் சந்திக்கும் மூலையில் முன்கூட்டியே ஒரு வட்டத் துளை போட்டு, ஓரத்தைப் பிசிறு இல்லாமல் தேய்த்துவிடுங்கள்.

பேட்டரிக்கு அடியில் 3 மி.மீ. கெட்டியான நியோப்ரீன் ரப்பர் வேண்டும். ஸ்பாஞ்சு கூடாது, அது ஈரத்தைக் குடிக்கும், பேட்டரியைக் குதிக்க விடும். மேலே குறுக்காக அலுமினிய ஆங்கிள் போட்டு இரண்டு பக்கமும் நீள போல்ட்டால் இழுத்துப் பிடிக்க வேண்டும். நீள போல்ட் கிடைக்கவில்லை என்று ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மரைக்கம்பியை வாங்கி வெட்டிப் போடுவது வழக்கமான தவறு. அது என்ன இரும்பு என்று விற்பவருக்கும் தெரியாது, மரையின் அடி முழுக்க விரிசலுக்கு வாய்ப்பான பள்ளம். ஆங்கிள் இரண்டு முனையங்களுக்கும் அருகில் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு ஹீட்-ஷ்ரிங்க் உறை போடுங்கள், நேர்முனைக்கு ரப்பர்த் தொப்பி மாட்டுங்கள். இறுக்கும் அளவு: கையால் ஆட்டினால் பேட்டரி அசையக் கூடாது, அதே சமயம் அதன் உறை பிதுங்கவும் கூடாது.

ஃபயர்வாலில் வைத்தால்

ஃபயர்வால் என்பது 0.4 முதல் 0.5 மி.மீ. வரையுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு, அல்லது துத்தநாகம் பூசிய தகடு. அது தீயைத் தடுப்பதற்கு. எடை தாங்குவதற்கு இல்லை. வெறும் தகட்டில் நான்கு போல்ட் போட்டுத் தட்டை மாட்டினால், எஞ்சின் ஓடும்போது தகடு தகர டப்பா மூடி மாதிரி உள்ளும் வெளியும் அடித்துக்கொள்ளும். விரைவில் போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல். தட்டின் சுமை, ஃபயர்வாலுக்குப் பின்னால் செங்குத்தாக ரிவெட் அடித்த ஆங்கிள்கள் வழியாக மேலும் கீழும் உள்ள உடற்கூட்டுச் சட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ரிவெட்டின் நடுப்புள்ளி தகட்டு ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தின் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும்.

பேட்டரி ஃபயர்வாலுக்கு முன்பக்கமா பின்பக்கமா என்பதும் முக்கியம். முன்பக்கம் இருந்தால் மோதலில் அது ஃபயர்வாலை விட்டுப் பிய்த்துக்கொண்டு முன்னே போகப் பார்க்கும். போல்ட்டுகள் எல்லாம் இழுவிசையில் இருக்கும். பின்பக்கம் இருந்தால் ஃபயர்வாலின் மேல் சாயும். தட்டின் வேலை சுலபம், ஆனால் உங்கள் கால்கள் பக்கத்தில் இருக்கின்றன.

முன்பக்கம் என்றால் அடுத்த பகை வெப்பம். பறக்கும்போது காற்று ஓடுவதால் பிரச்சினை குறைவு. இறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகுதான் மூடிக்குள் வெப்பம் ஏறுகிறது, காற்றே இல்லாமல் அரை மணி நேரம் அப்படியே நிற்கிறது. சென்னையில் 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட கத்திரி வெயிலில் எஞ்சின் மூடிக்குள் என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். ஈய-அமில பேட்டரியின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடக் கூட ஏறக்குறையப் பாதியாகிறது என்பது பழைய கணக்கு. லித்தியம் பேட்டரிகளுக்கு 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான எல்லை. எனவே புகைக்குழாய்க்கும் பேட்டரிக்கும் நடுவே பளபளப்பான வெப்பத்தடுப்புத் தகடு ஒன்று வையுங்கள், முன்னிருந்து 25 மி.மீ. குழாய் வழியே பேட்டரிமேல் காற்று விழச் செய்யுங்கள், இறங்கியதும் எண்ணெய் பார்க்கும் மூடியைத் திறந்து வையுங்கள். மூடிக்குள் நைலான் வளையமுள்ள பூட்டு நட்டு கூடாது. 120 டிகிரிக்கு மேல் அந்த நைலான் பிடிமானத்தை இழக்கும். முழு உலோகப் பூட்டு நட்டு போடுங்கள்.

பின்னால் வைத்தால்: கேபிள் கேட்கும் விலை

பேட்டரி பின்னால் போனால் வெப்பம் தீர்ந்தது. பதிலுக்கு ஸ்டார்ட்டர் கேபிள் நீள்கிறது. ஸ்டார்ட்டர் இழுப்பது 200 ஆம்பியர் என்றும், கேபிள் போக 2.5 மீட்டர், வர 2.5 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஃபைபர் உடல் என்றால் திரும்பும் பாதைக்கும் கேபிள் கட்டாயம். 16 சதுர மி.மீ. செப்புக் கேபிளில் இழப்பு ஏறக்குறைய 1.2 வோல்ட். 25 சதுர மி.மீ. என்றால் 0.8 வோல்ட். 35 என்றால் 0.55. பேட்டரியின் உள்தடையே 7 மில்லி-ஓம் அளவில் இருப்பதால் அங்கேயே 1.4 வோல்ட் போய்விடுகிறது. 12.6-இல் தொடங்கி, 16 சதுர மி.மீ. கேபிளோடு ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்வது 10 வோல்ட்தான். அதிலும் கான்டாக்டர் (பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் பெரிய ரிலே சுவிட்ச்), லக் (கேபிள் நுனியில் அழுத்தி மாட்டும் உலோக முனை) இணைப்புகளின் இழப்பு இன்னும் கழியவில்லை.

வோல்ட் குறைந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, அவ்வளவுதானே என்று விட முடியாது. ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் மாதிரி உயர் அழுத்த எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பற்றவைப்பு நடந்தால், பின்னுதை வாங்கும். ஸ்டார்ட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ஒருவழி கிளட்ச் அதில்தான் தேய்கிறது. அதை மாற்ற எஞ்சினைப் பிரிக்க வேண்டும். கேபிளில் மிச்சம் பிடிக்கும் அரைக் கிலோ செம்புக்கு அது மிகப் பெரிய விலை. 25 சதுர மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். அந்த 5 மீட்டரில் செம்பு மட்டும் 1.1 கிலோ வரும், அதையும் எடைக் கணக்கில் எழுதுங்கள்.

போகிற கேபிளும் வருகிற கேபிளும் ஒன்றை ஒன்று ஒட்டியே போகட்டும், காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிரிந்து போனால் திசைகாட்டி அலையும். பெட்ரோல் குழாயோடு சேர்த்துக் கட்டுவது கூடவே கூடாது. ரப்பர் உறை போட்ட உலோகக் கிளாம்ப் 60 செ.மீ.க்கு ஒன்றாவது வேண்டும். நடுவில் விரலால் அழுத்தினால் 13 மி.மீ.க்கு மேல் தொய்யக் கூடாது.

இனி லக். ரிச்சி தெருவிலும் பாரிமுனை எலக்ட்ரிகல் கடைகளிலும் வரிசையாகத் தொங்கும் வெள்ளி நிற லக்குகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஈயப்பூச்சு போட்ட செம்பு, அதாவது வெள்ளீயம் பூசியது. மற்றது அலுமினியம், கட்டட மெயின் கேபிளுக்காகச் செய்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையில் வாங்கி உட்புற ஓரத்தைப் பேனாக்கத்தியால் லேசாகக் கீறுங்கள். வெள்ளைக்கு அடியில் செம்மை தெரிந்தால் அது உங்களுடையது. வெள்ளைக்கு அடியிலும் வெள்ளையே தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செப்புக் கேபிளில் அலுமினிய லக்கை அழுத்திக் கடற்காற்றில் விட்டால், இணைப்புக்குள் வெள்ளைப் பொடி பூத்துத் தடை ஏறும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது லக் சுடும். காரில் பாட்டுப்பெட்டி மாட்டுவதற்கு விற்கும் தடித்த கேபிளுக்கும் இதே சோதனை. ஒரு இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விமானத்துக்கு டெஃப்செல் என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் உறையுள்ள, ஈயப்பூச்சு இழைக் கேபிள்தான் முறை. பிவிசி உறை எரியும்போது எழும் புகை, சின்ன அறைக்குள் ஆளை மயக்கிவிடும்.

லக்கை அழுத்த ஹைட்ராலிக் கருவி வேண்டும். சுத்தியும் உளியும் வைத்து அடிப்பது, கொறடால் நசுக்குவது இரண்டும் வேண்டாம். சோலார் பேனல் மாட்டுகிறவர்களிடம் இந்தக் கருவி இருக்கும், வாடகைக்கும் கிடைக்கும். ஈயம் உருக்கி ஊற்றினால் அது இழைகளுக்குள் ஏறி, ஏறி நின்ற இடத்தில் கேபிள் விறைத்துப்போய், அதிர்வில் அங்கேயே ஒடியும். முதல் லக்கை வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று நடுவில் அறுத்துப் பாருங்கள். இழைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே செம்புக் கட்டியாகத் தெரிந்தால் அழுத்தம் சரி.

பேட்டரி எங்கே இருந்தாலும் மாஸ்டர் கான்டாக்டர் அதை ஒட்டியே இருக்க வேண்டும். பேட்டரிக்கும் கான்டாக்டருக்கும் நடுவிலுள்ள துண்டுக் கேபிளைச் சுவிட்சால் செயலிழக்கச் செய்ய முடியாது. மோதலுக்குப் பிறகும் அதில் மின்சாரம் நிற்கும். அந்தத் துண்டு 15 செ.மீ.க்குள் அடங்கட்டும். கான்டாக்டர் தொடர்ந்து ஓடும் வகையாக இருக்க வேண்டும். புதுப்பேட்டையில் அதே உருவத்தில் கிடைக்கும் ஸ்டார்ட்டர் ரிலே சில விநாடி வேலைக்கானது, அரை மணி நேரத்தில் அதன் சுருள் வெந்துவிடும். சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு வையுங்கள், ஓரிரு ரூபாய்ப் பொருள். வெள்ளைக் கோடு போட்ட முனை பேட்டரி வரும் பெரிய போல்ட்டிலும், மறுமுனை சின்ன முனையிலும் போகும். இது இல்லையென்றால் அணைக்கும் ஒவ்வொரு தடவையும் சுருளிலிருந்து எழும் வோல்ட் அலை மாஸ்டர் சுவிட்சின் தொடுமுனையைத் தின்றுகொண்டே இருக்கும். திருப்பி மாட்டினால் மாஸ்டரைப் போட்ட மாத்திரத்தில் டயோடு எரியும், அந்தத் தவறு தானாகவே தெரிந்துவிடும். கான்டாக்டரைத் தாண்டி, பேட்டரியிலிருந்து நேராகக் கடிகாரத்துக்கோ வேறு எதற்கோ எடுக்கும் கம்பிகளுக்கு 5 ஆம்பியருக்கு மேல் ஃப்யூஸ் போடாதீர்கள்.

எஞ்சினுக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே பின்னல் பட்டையால் ஆன எர்த் இணைப்பு ஒன்று தனியாக வேண்டும். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பட்டை இல்லையென்றாலோ அறுந்தாலோ, 200 ஆம்பியரும் த்ராட்டில் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். கம்பி சிவந்து அதன் உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

லித்தியமா, ஈயமா

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, எஞ்சினைக் கிளப்பும் அதே வேலைக்கு 2 கிலோ சொச்சம்தான் கனக்கும். 5 கிலோ மிச்சம் என்பது கவர்ச்சியான எண். ஆனால் ஃபயர்வாலில் இருந்த 7 கிலோவை எடுத்துவிட்டு 2.2 கிலோவை வைத்தால் ஈர்ப்பு மையம் பின்னால் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பேட்டரி அந்த ஈர்ப்பு மையத்துக்கு 90 செ.மீ. முன்னால் இருந்திருந்தால், 600 கிலோ விமானத்தில் இது 7 மி.மீ. ஏற்கெனவே பின் எல்லையை ஒட்டி நிற்கும் விமானத்துக்கு அந்த 7 மி.மீ. போதும். எடைத்தாளைத் திருத்தாமல் பேட்டரியை மாற்றுவது கூடாது. பழைய தட்டில் சின்ன பேட்டரியை வைத்து இடைவெளியில் துணி திணிப்பதும் கூடாது. கெட்டியான அடைப்புக் கட்டை செய்து போடுங்கள்.

லித்தியத்துக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. வோல்ட் அளவுக்கு மேல் போனாலோ கீழே போனாலோ அது பேட்டரியைத் துண்டித்துவிடும். பேட்டரிக்கு நல்லது, விமானத்துக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. பற்றவைப்பும் பெட்ரோல் பம்பும் பேட்டரியையே நம்பியிருக்கும் எஞ்சினுக்கு ஒற்றை லித்தியம் பேட்டரி போடக் கூடாது, இரண்டாவது மின்மூலம் வேண்டும். கார்புரேட்டர் வைத்த ரோட்டாக்ஸ் 912 இந்த விஷயத்தில் நிம்மதி. அதன் பற்றவைப்பு தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆனாலும் பேட்டரி துண்டித்துக்கொண்டால் ரெகுலேட்டர் கெட்டுப்போகாமல் இருக்க, அதனோடு குறைந்தது 22,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று இருக்க வேண்டும். ரெகுலேட்டர் 14.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 16 வோல்ட் வந்தால் ஆல்டர்னேட்டரைத் துண்டிக்கும் பாதுகாப்பு வேண்டும். காற்றுப்போக்கி முனை உள்ள பேட்டரி என்றால் அதிலிருந்து குழாய் போட்டு விமானத்துக்கு வெளியே விடுங்கள். எரியும் வாயு ஆட்கள் இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. ஏஜிஎம் பேட்டரியும் அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் ஹைட்ரஜனைக் கக்கும்; காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும்.

மூன்றாவதாக ஒரு சபலம் உண்டு. யுபிஎஸ்ஸுக்கு விற்கும் 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி பேட்டரி ஏறக்குறைய இதே நீள அகலத்தில், உயரம் மட்டும் கொஞ்சம் குறைவாக, மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். அது மணிக்கணக்கில் சில ஆம்பியர் கொடுக்கப் பிறந்தது. 200 ஆம்பியர் இழுத்தால் வோல்ட் சரிந்து விழும், சின்ன முனையங்கள் சூடாகும். தட்டின் அளவு பார்க்கவும் தராசில் வைக்கவும் வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம். எடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றரைக் கிலோ வரை குறைவாக இருக்கும்.

மாட்டிய பிறகு

மாட்டும்போது முதலில் நேர்முனை, பிறகு எதிர்முனை. கழற்றும்போது முதலில் எதிர்முனை. எதிர்முனை இணைந்திருக்கும்போது நேர்முனையை இறுக்கும் ஸ்பேனர் தட்டில் பட்டால் முழு ஷார்ட். ஸ்பேனரும் தட்டும் ஒட்டிக்கொள்ளும். லக்கு மேல் லக்கு நேராக உட்கார வேண்டும், நடுவில் வாஷர் கூடாது. கடலோர ஊர் என்பதால் இறுக்கிய பிறகு முனையங்கள்மேல் மெல்லியதாக வாசலின் தடவுங்கள். அலுமினியத் தட்டில் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் போடும் இடங்களில் துத்தநாக குரோமேட் பிரைமரில் நனைத்துச் செருகினால் அரிப்பு தள்ளிப்போகும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் விமானத்தின் ஏஜிஎம் பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் உடனே சார்ஜ் செய்யுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அது தானாக இறங்கும் வேகமும் அதிகம்.

ஏஎன்3 போல்ட்டுகளை 2.3 முதல் 2.8 நியூட்டன்-மீட்டர் வரை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு நட்டிலிருந்தும் தட்டின்மேல் இறங்கும்படி சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் பத்து மணி நேரப் பறப்புக்குப் பிறகு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் அந்த நட்டு நகர்ந்திருக்கிறது; அதை மட்டும் இறுக்கிவிட்டுப் போகாமல், அதற்கு அடியிலுள்ள தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று வாஷரைக் கழற்றிப் பாருங்கள்.